ரோட்டில் கொட்டுகிற உப்பு

கல்லூரிக்குத் திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "மான்செஸ்டர் எப்படி இருந்துச்சு?" நானும் "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போட்டோவைக் காட்டிவிடுவேன். பனியில் நிற்கிற போட்டோ. சிவப்புச் செங்கல் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிற போட்டோ. மாடி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற போட்டோ. அந்தப் போட்டோக்களில் தெரியாத சமாச்சாரத்தை இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள் :)

தெரியாதவர்களுக்காக முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம், விழுப்புரம் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிறவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, வெள்ளையாகக் குவிந்திருக்கிற உப்புக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த உப்புதான் எங்கள் ஊர். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டு உள்ள பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துதான் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் அதில் படகேறி மெட்ராஸுக்குப் போயின. பக்கத்தில் கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பெருமை பீற்றியது போதும் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு உப்பளத்தில் கணக்கு எழுதுகிற வேலை. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை மூட்டை கட்டினார்கள், எந்த லாரியில் எவ்வளவு போனது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறது, எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயும் பின்னாலேயும் தலையில் உப்பு சுமந்தவர். முழங்கால் போன பிறகுதான் நிறுத்தினார். நான் பி.காம். எடுத்ததற்கு அப்பாவின் அந்த நீள நோட்டுதான் காரணம். சின்ன வயதில் எனக்கு அது கதைப் புத்தகம் மாதிரி.

இரண்டாம் வருஷத்தில் கல்லூரி மூலமாக ஒரு வாய்ப்பு வந்தது. ஒரே ஒரு பருவம், செப்டம்பர் 2024-லிருந்து ஜனவரி 2025 வரை, மான்செஸ்டரில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பீஸ் கிடையாது. அறை வாடகைக்கு உதவித்தொகை உண்டு. விமான டிக்கெட், விசா, சாப்பாடு, பஸ் நம் செலவு. அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அது போதவில்லை. அப்பா அந்த வருஷம் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு துண்டு அளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு எடுத்திருந்தார். அந்த உப்பை உடனே விற்காமல் குவித்து, மேலே பனையோலை போட்டு மூடி வைத்தார். மழைக்காலத்தில் உற்பத்தி நின்றுவிடும், அப்போது விலை ஏறும். "நீ போய்ப் படி பாப்பா. டிசம்பர்ல அம்பாரத்தை வித்து அனுப்பறேன்" என்றார். அதாவது என் வெளிநாட்டுப் படிப்பில் பாதி, ரோட்டோரமாக ஓலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். "காந்தி லண்டன்ல படிக்கறப்போ பஸ் காசு, தபால் தலை, பேப்பர் வாங்கின காசு வரைக்கும் எழுதி வெச்சாராம். நீயும் எழுது. ஞாயித்துக்கிழமை போன்ல படிச்சுக் காட்டு."

உண்மைதான், சத்திய சோதனையில் காந்தி அதை எழுதியிருக்கிறார். 1888-ல் படிக்கப் போனவர், செலவைக் குறைக்க வேண்டும் என்று வாடகை குறைந்த ஒற்றை அறைக்கு மாறி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே செய்து குடித்து, ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் சாப்பாட்டை முடித்திருக்கிறார். வெளிநாட்டில் படிக்கிற இந்திய மாணவர்களின் வாழ்க்கை 130 வருஷமாக அப்படியே இருக்கிறது என்று அங்கே போன இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்ஸ்தான் அங்கே மலிவு!

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஆறு பேருக்கு ஒரு சமையலறை. ஆளுக்கு ஒரு அலமாரி, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. கடுகு தாளித்தால் புகை மணி அடிக்கும். முதல் வாரம் இரண்டு முறை என்னால் மொத்தக் கட்டடமும் காலி செய்யப்பட்டுத் தெருவில் நின்றது. அப்புறம் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, சட்டியைத் தட்டால் மூடிக்கொண்டு தாளிக்கக் கற்றுக்கொண்டேன். பஸ்ஸுக்கு ஒரு தடவைக்கு 2 பவுண்டு. ஒரு பவுண்டு அப்போது சுமார் 107 ரூபாய். இரண்டு ஸ்டாப் தூரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாயா என்று மனசு கணக்குப் போடும், கால் நடக்க ஆரம்பித்துவிடும். இந்த 107-ஆல் பெருக்குகிற வியாதி எல்லாருக்கும் வரும், இரண்டு மாதத்தில் போய்விடும் என்று சீனியர்கள் சொன்னார்கள். எனக்குக் கடைசி வரை போகவில்லை.

வகுப்பு நம் ஊர் மாதிரி இல்லை. வாரத்துக்குச் சில மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் நாமே படித்துக்கொள்ள வேண்டும். நூலகம் ராத்திரி வெகு நேரம் திறந்திருக்கும், ஹீட்டர் ஓடும், காசு கிடையாது. ஆகவே நான் அங்கேதான் குடியிருந்தேன்.

வெயில்தான் பெரிய பிரச்சினை. டிசம்பரில் காலை எட்டே காலுக்குத்தான் விடியும், நாலு மணிக்கு முன்னால் சூரியன் போய்விடும். உப்பளத்து வீட்டில் பிறந்தவளுக்கு அது வெறும் குளிர் இல்லை. எங்கள் வீட்டில் வெயில் அடித்தால் சோறு, மழை பெய்தால் கடன். வானம் சாம்பலாக இருக்கிற ஒவ்வொரு நாளும் "இன்னிக்கு வேலை இல்லை" என்று உள்ளுக்குள் யாரோ சொல்வது மாதிரி இருக்கும்.

பார்ட் டைம் வேலை பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முழுப் படிப்புக்கு மாணவர் விசாவில் வருகிற பட்டப்படிப்பு மாணவர்கள் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் ஆறு மாதத்துக்குள் திரும்புகிற பார்வையாளர் விசாவில் போனவள். படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. ஆக எனக்கு வரவுப் பக்கம் பூட்டியாகிவிட்டது. செலவுப் பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது.

அக்டோபரில் அந்தப் பக்கம் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. மழையில் நனைந்த படியில் வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பையில் இருந்த லேப்டாப் திரை நொறுங்கிவிட்டது. 130 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட பதினாலாயிரம் ரூபாய். லேப்டாப் இல்லாமல் அங்கே ஒரு நாள் கூடப் படிக்க முடியாது. கொடுத்துச் சரி செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. அம்மா அழுவார், அப்பா யாரிடமாவது கை நீட்டுவார். அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கணக்குப் படிக்க வேண்டுமே? அதனால் நோட்டு இரண்டானது. உண்மை எழுதுகிற நோட்டு ஒன்று. அப்பாவிடம் படித்துக் காட்டுகிற நோட்டு ஒன்று. படித்துக் காட்டுகிற நோட்டில் தினமும் "மதியச் சாப்பாடு 4 பவுண்டு" என்று இருக்கும். சாப்பிடாத சாப்பாட்டின் காசில் லேப்டாப் கடன் மெல்ல அடைந்துகொண்டிருந்தது. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பற்றை மறைத்தால் எங்கேயோ ஒரு வரவும் பொய்யாகும் என்று முதல் வருஷத்திலேயே படித்திருக்கிறோம். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஹி ஹி.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஊதாரித்தனம் செய்தேன். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் நார்த்விச் என்று ஒரு ஊர். அங்கே பழைய உப்புத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, லயன் சால்ட் வொர்க்ஸ். உப்பு என்கிற பெயரைப் பார்த்ததும் கை தானாக டிக்கெட் எடுத்துவிட்டது.

செஷயர் என்கிற அந்த வட்டாரத்தில் கடலிலிருந்து உப்பு எடுப்பதில்லை. பூமிக்கு அடியில் உப்புப் பாறை இருக்கிறது. இருபது கோடி வருஷத்துக்கும் முன்னால் வற்றிப்போன பழைய கடல் நீர் விட்டுப்போன உப்பு. அதன் மேல் ஊறுகிற உப்புத் தண்ணீரை இறைத்து, பெரிய பெரிய இரும்புத் தட்டங்களில் ஊற்றி, அடியில் நிலக்கரி எரித்துக் காய்ச்சுவார்கள். எங்கள் ஊரில் வெயில் செய்கிற வேலையை அங்கே நிலக்கரி செய்தது. நாங்கள் கழித் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டுகிற வரை வெயிலுக்காகக் காத்திருப்போம். அவர்கள் காத்திருக்காமல் கொதிக்க வைத்தார்கள். அந்தத் தட்டத்தின் ஓரத்தில் நீளக் கம்பில் பலகை வைத்து உப்பை இழுக்கிற கருவி சாய்த்து வைத்திருந்தது. எங்கள் ஊர் வாருபலகை மாதிரியே இருந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றார். என்னவென்று சொல்வது?

அங்கே இன்னொன்றும் உறைத்தது. இந்தச் செஷயர் உப்புதான் லிவர்பூலில் கப்பலேறி, 19-ம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்குப் போய்க் குவிந்தது. வங்காளத்துக் கடற்கரையில் உப்புக் காய்ச்சியவர்களின் தொழில் 1860-களில் அநேகமாக முடிந்தே போனது. நம் மெட்ராஸ் மாகாணத்தில் 1805-லேயே உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாகிவிட்டது. தன் ஊர்க் கடலில் தானாக விளைகிற உப்பை எடுப்பது குற்றம். 1930-ல் காந்தி தண்டியில் உப்பு அள்ளியதும், ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளியதும் அதற்குத்தான். வேதாரண்ய யாத்திரை 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பியது. அந்த ராஜனும் இங்கிலாந்தில் படித்தவர். லண்டனில் மருத்துவம் படித்தபோது இந்தியா ஹவுஸ் விடுதியில் வ.வே.சு. ஐயர் கூட்டத்தோடு இருந்தவர். வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து உப்புக்காக நடந்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். நான் உப்பு விற்ற காசில் வெளிநாடு போனவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

லயன் சால்ட் வொர்க்ஸ் 1986-ல் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் அதன் உப்பு பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் போயிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சமையலறையில் என் நைஜீரியத் தோழியிடம் "உங்க பாட்டி போட்ட உப்பு இங்கேருந்து போனதா இருக்கலாம் தெரியுமா" என்றேன். அவள் தன் உப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப நானே இங்க வந்துட்டேன்" என்றாள். அதிலிருந்து நாங்கள் நெருங்கிவிட்டோம்.

நவம்பர் 30, 2024. சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல்.

அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் இங்கே இருந்தீர்கள். நான் இல்லை. புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது இங்கே ராத்திரி பத்தரை, பதினொன்று. அங்கே சாயங்காலம் ஐந்து மணி. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தி சானல் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி வரைக்கும் அம்மா பேசினார். "காத்துதான் அடிக்குது, ஒண்ணும் இல்ல, நீ சாப்டியா?" பின்னால் ஓலைக் கொட்டகை அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது.

கரை கடந்தும் புயல் நகரவில்லை. மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ., புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் படிக்கிற நாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது தடவை போன் போட்டேன். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று அந்தப் பெண் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மதியம்தான் அப்பா கிடைத்தார். யாரோ ஒருவர் போனிலிருந்து. "எல்லாரும் நல்லா இருக்கோம். வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, போயிடுச்சு. நீ படிப்பைப் பாரு."

"அம்பாரம்ப்பா?"

"ஓலை போட்டு மூடித்தானே இருக்கு. ஒண்ணும் ஆவல."

டிசம்பர் மத்தியில் கணக்கில் 8,000 ரூபாய் வந்து விழுந்தது. அப்பா குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அம்பாரத்துல கொஞ்சம் வித்தாச்சு பாப்பா. மீதி விலை ஏறட்டும்னு வெச்சிருக்கேன்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் யூடியூபில் யாரோ டிரோன் விட்டு எடுத்த வீடியோவை நான் பார்த்திருந்தேன். எங்கள் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். எது பாத்தி, எது வரப்பு, எது கால்வாய் என்று தெரியவில்லை. அத்தனை தண்ணீரில் ஓலைக்கு அடியில் இருக்கிற உப்பு என்ன ஆகும் என்று கேட்க பி.காம். படிக்க வேண்டியதில்லை. சர்க்கரை டீயில் என்ன ஆகுமோ அதேதான். ஒவ்வொரு மழைக்கும் அம்பாரம் கொஞ்சம் கரைவது சாதாரண இழப்பு. இது பாடப் புத்தகத்தில் வருகிற அசாதாரண இழப்பு. தேர்வுக்கு அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

போன் போட்டேன். சாதாரணமாகப் பேசுவது மாதிரியே கேட்டேன். "எத்தனை மூட்டைப்பா போச்சு?"

"போச்சும்மா, ஒரு லாரி வந்துச்சு."

"என்னா ரேட்டு?"

"நல்ல ரேட்டுதான்."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். விலை கேட்டால் "நல்ல ரேட்டு" என்று சொல்கிற ஆள் இல்லை என் அப்பா. 2015-ல் என்ன விலைக்கு மூட்டை போனது என்று கேட்டாலும் ரூபாய், பைசா, லாரி எண்ணோடு சொல்கிறவர். "அப்பா, அம்பாரம் இல்லைல்ல?" என்றேன். பதில் இல்லை. பின்னால் அம்மா என்னமோ சொல்வது கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். ஒரு மூட்டை கூட மிஞ்சவில்லை. அந்த எட்டாயிரம், வேலை பார்க்கிற இடத்தில் அடுத்த சீசன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா பொய் சொன்னீங்க? என்கிட்ட கணக்கு கேக்கறீங்க, நீங்க பொய்க் கணக்கு சொல்றீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் அமைதியாகக் கேட்டார்.

"நீ தினமும் நாலு பவுண்டுக்கு சாப்பிடறியா பாப்பா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

"ரெண்டு மாசமா படிக்கற. திங்கள் நாலு, செவ்வாய் நாலு, புதன் நாலு. ஒரு நாள் மூணே முக்கால் கெடையாது, ஒரு நாள் நாலே கால் கெடையாது. இருபத்தஞ்சு வருஷமா கணக்கு எழுதறவன் நான். எல்லா நாளும் ஒரே தொகை வந்தா அது கணக்கு இல்ல, கதை. வீடியோவுல உன் மூஞ்சியும் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் நான் லேப்டாப் கதையைச் சொன்னேன். அந்த வாரம் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதையும், நைஜீரியத் தோழி ஒரு தட்டு நிறைய ஜொலோஃப் சோறு கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அம்மா போனைப் பிடுங்கி, திட்டினார், அழுதார், மறுபடி திட்டினார். அன்றைக்கு எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பக்கமும் கணக்கு வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் உண்மை நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அவர் வீட்டு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார். சங்கிலி வட்டி எவ்வளவு, கடன் எவ்வளவு, ரேஷனில் என்ன வந்தது, நிவாரணத்தில் என்ன வந்தது, எல்லாம். கையில் இருக்கிற மொத்தத் தொகை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததும், அதை வைத்து ஜனவரி வரை ஓட்ட ஒரு வழி தெரிந்தது. வாரத்துக்கு 22 பவுண்டு. மொத்தமாகப் பத்து கிலோ அரிசி, பருப்பு, முட்டை, முட்டைகோஸ். நானும் தோழியும் சேர்ந்து சமைத்தால் இன்னும் குறைவு. மதியமும் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு தொகை!

ஜனவரி முதல் வாரம் பனி கொட்டியது. 5-ம் தேதி மான்செஸ்டர் விமான நிலையத்தின் ஓடுபாதையையே கொஞ்ச நேரம் மூடிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வராமல் ஜன்னலில் நின்றபோது, மஞ்சள் விளக்கு சுழல ஒரு லாரி போனது. பின்பக்கம் வட்டத் தட்டு ஒன்று சுற்றி எதையோ ரோடு முழுக்க விசிறிக்கொண்டே போனது. காலையில் கீழே போய்க் குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் கல் கல்லாக இருந்தது. விரலில் எடுத்து... ஆமாம், நக்கிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். உப்பு!

உப்பு கலந்த தண்ணீர் உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதனால் ரோட்டில் உப்பைத் தூவினால் பனிக்கட்டி பிடிக்காது. அந்த ஊர்களுக்கு வேண்டிய உப்பு பெரும்பாலும் செஷயரிலேயே வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. 1844-ல் நிலக்கரி தேடித் தோண்டிய இடத்தில் கிடைத்த உப்பு. தரைக்கு அடியில் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதை ஓடுகிறது.

அப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். கொஞ்சம் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். நம் அம்மா தலையில் சுமந்ததை இவன் தெருவில் கொட்டுகிறானே என்று எனக்கே தொண்டை அடைத்தது. அப்பா உடனே திருப்பிக் கூப்பிட்டார். முதல் கேள்வி: "எவ்வளவு போடறாங்க?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். உறைபனிக்கு முன்னெச்சரிக்கையாகப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து கிராம் அளவில். கடும் பனி என்றால் அதைப் போல் சில மடங்கு. ரோடு ஏழு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு மனசுக்குள் போட்டார். "கிலோமீட்டருக்கு எழுவது கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லயே! யாரும் வழுக்கி விழாம இருக்கறதுக்குத்தானே போடறான். உன் லேப்டாப்பு விழுந்த படியில போட்டிருந்தா பதினாலாயிரம் மிச்சம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். புயலுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.

ஜனவரி கடைசியில் ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் அப்பாவோடு உப்பளத்துக்குப் போனேன். தண்ணீர் வடிந்து, பாத்தியில் இருந்த சேற்றை வாரிப் போட்டுவிட்டு, தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்பாரம் இருந்த இடத்தில் நாலு மக்கிய பனையோலை மட்டும் கிடந்தது. பக்கத்து அளத்து ஆயா ஒருத்தர் என்னைப் பார்த்து, "சீமையில வெயிலு எப்டி கண்ணு?" என்று கேட்டார். மரக்காணத்தில் அப்படித்தான் கேட்பார்கள். "இல்லவே இல்ல ஆயா" என்றேன். "அய்யோ, அப்ப எப்டி பொழைக்கறாங்க?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

சங்கிலி இன்னும் முழுசாக மீளவில்லை. அதைச் சொல்லாமல் "சூப்பரா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது மறுபடியும் இரண்டாவது நோட்டுதான். அதனால்தான் இந்தப் பதிவு. நம் வகுப்பிலிருந்து இந்த வருஷமும் இரண்டு பேர் வெளிநாட்டுக்குப் போக விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று தெரியும். கண்டிப்பாகப் போங்கள். குக்கர், ஊறுகாய், தடித்த சாக்ஸ் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். சீனியர்கள் பட்டியல் கொடுப்பார்கள். என் பங்குக்கு ஒன்றே ஒன்று: ஒரு நோட்டு மட்டும் கொண்டு போங்கள், இரண்டு வேண்டாம். பணம் தீர்ந்தால் தீர்ந்தது என்று வீட்டில் சொல்லுங்கள். அங்கே புயல் அடித்தால் அவர்களும் உங்களிடம் சொல்லும்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்பா கூப்பிடுகிறார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் படிக்க வேண்டும். விடுதி மெஸ் பில், ஜெராக்ஸ், பஸ், நேற்று உங்களோடு சாப்பிட்ட பரோட்டா. யார் யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மறக்காமல் கொடுத்துவிடுங்கள் :)